லாக்லன் கேல்வின்: பெல்மோருக்கு வந்தபிறகு பையனுக்கு என்ன ஆச்சு?

பெல்மோர்_நீலம் எழுதியது:

ஆஸ்திரேலிய NRL ரக்பி லீக்கோட 2025 இறுதிச் சுற்றுல நம்ம புல்டாக்ஸ் பென்ரித்கிட்ட 46-26னு அடி வாங்கி வெளிய வந்து சில வாரம் ஆச்சு. இன்னும் ஆறல. அன்னிக்கு அக்கார் ஸ்டேடியத்துல நானும் என் பையனும் இருந்தோம். ரயில் நிலையத்துக்கு நடந்து வர்ற வழியெல்லாம் பின்னாடி வந்தவங்க ஒரே பேரைச் சொல்லித்தான் திட்டிக்கிட்டு வந்தாங்க: கேல்வின், கேல்வின். இருபது வயசுப் பையன். எனக்குப் பொறுக்கல, அதான் இந்த இழை.

புதுசா படிக்கிறவங்களுக்காகக் கொஞ்சம் பின்கதை. பெல்மோர்ல இருக்கற நம்ம கேன்டர்பரி புல்டாக்ஸ் கடைசியா கோப்பை வாங்கினது 2004ல. 2016க்கு அப்புறம் இறுதிச் சுற்றுக்கு வரவே 2024 வரைக்கும் காத்திருந்தோம். 2025 சீசனோட முதல் பாதியில பட்டியல்ல மேலேயே இருந்தோம். அப்போ 7ல (ஹாஃப்பேக், ஆட்டத்தை நடத்தறவர்) டோபி செக்ஸ்டன், 6ல (அவரோட ஜோடி) மேட் பர்ட்டன். மே கடைசியில வெஸ்ட்ஸ் டைகர்ஸ் கேல்வினை விடுவிச்சாங்க, நாம 2028 வரைக்கும் ஒப்பந்தம் போட்டோம். ஜூன் 9, மன்னர் பிறந்தநாள் விடுமுறை, பராமட்டாவுக்கு எதிரா மாற்று ஆட்டக்காரரா இறங்கினார். அரங்கத்துல பெரிய கூட்டம். சீசன் முடியறதுக்குள்ள செக்ஸ்டன் வெளிய, கேல்வின் 7ல.

பட்டியல்ல மூணாவது இடத்துல முடிச்சோம். இறுதிச் சுற்றுல மெல்போர்ன்ல ஸ்டார்ம்கிட்ட 26-18 தோல்வி. அடுத்த வாரம் பென்ரித். அவ்வளவுதான், முடிஞ்சது.

நான் நினைக்கிறதை முதல்லயே சொல்லிடறேன். பையன் தடுமாறினான், மறுக்கல. ஆனா அவன் கையில நாம குடுத்தது அவனோட வேலையே இல்ல.

---

காம்பல்டவுன்காரன் எழுதியது:

நான் டைகர்ஸ் ஆள். கோவத்தோட எழுதக் கூடாது எண்டு ரெண்டு நாள் பொறுத்துத்தான் எழுதிறன்.

2005 இறுதியாட்டத்தை நான் அரங்கில இருந்து பார்த்தவன். பெஞ்சி மார்ஷல் பின்பக்கமாத் தட்டிக் குடுத்த பந்தை பாட் ரிச்சர்ட்ஸ் கொண்டுபோய் வைச்ச அந்த ட்ரை (கோட்டுக்கு அங்கால பந்தைத் தரையில வைச்சு எடுக்கிற புள்ளி) இப்பவும் கண்ணுக்குள்ள நிக்குது. அந்த வருசம் பிறந்த பெடியன்தான் கேல்வின். 2011க்குப் பிறகு எங்களுக்கு இறுதிச் சுற்று எண்டதே இல்லை. 2022, 2023, 2024 எண்டு மூண்டு வருசமும் கடைசி இடம். அந்த இருட்டுக்குள்ள 18 வயசில வந்து, பயமில்லாமல் எதிரணித் தடுப்பு லைனுக்கு ஓடினவன் இவன். என்ர மகள் அவன்ர பேர் போட்ட ஜேர்சிதான் வேணும் எண்டு அழுது வாங்கினவள்.

2026 முடிவு வரைக்கும் ஒப்பந்தம் இருந்தது. நவம்பர் 1 வந்தால் மற்ற கிளப்புகளோட கதைக்கலாம் எண்டது விதி. அதுக்கு முதலே, ஏப்ரலில, நீட்டிப்பு வேண்டாம் எண்டு சொல்லிப் போட்டான். அப்ப எங்கட பயிற்சியாளரா இருந்த பெஞ்சி ஒரு கிழமை ரிசர்வ் அணிக்கு அனுப்பினார். கூட விளையாடின சிலர் சமூக வலைத்தளத்தில தங்கட மனசைக் காட்டினவை. மே மாசம் ஆள் போய்ட்டான்.

அவன் தடுமாறுறதைப் பார்த்து நான் சந்தோசப்படேல்லை. ஆனால் "பாவம் பெடியன்" எண்டு நீங்கள் சொல்லேக்கை, அந்த முடிவை எடுத்தது அவன்தான் எண்டதையும் ஒருக்கால் சொல்லுங்கோ. எங்கட பக்கத்திலயும் காயம் இருக்கு.

---

ஆறும்_ஏழும் எழுதியது:

காம்பல்டவுன் அண்ணா சொல்றதுல நியாயம் இருக்கு. போறது அவர் முடிவு. போன இடத்துல எங்க நிக்க வைக்கிறாங்கங்கறது அவர் முடிவு இல்ல. இந்த ரெண்டையும் நாம ஒண்ணாக் குழப்பிக்கறோம்.

ஆட்டம் பக்கம் வர்றேன். டைகர்ஸ்ல அவர் 6. பக்கத்துல 7ல ஜரோம் லுவாய், பென்ரித்தோட 2021ல இருந்து 2024 வரைக்கும் நாலு கோப்பையும் வாங்கினவர். யாரு எங்க நிக்கணும், அஞ்சாவது டேக்கிள்ல (ஆறு தடவை மடக்கினா பந்து எதிரணிக்கு) எந்த மூலைக்கு உதைக்கணும், எப்போ வேகத்தைக் குறைக்கணும்னு கத்திக்கிட்டே இருந்தது லுவாய். கேல்வினுக்கு ஒரே வேலை. பந்து கைக்கு வந்ததும் எதிரணி லைனுக்கு மூக்கு உரசற தூரம் வரைக்கும் போறது, அங்க ஒரு நொடி கூடுதலா பந்தை வச்சிருக்கறது, டேக்கிள் விழற நேரத்துல பக்கத்துல ஓடி வர்றவன் கையில விடறது. அந்த ஒரு நொடிதான் அவரோட சொத்து. உயரமான ஆளுங்கறதால டேக்கிளுக்கு மேல கை வெளிய வரும்.

ஹாஃப்பேக் வேலை வேற. ஆறு டேக்கிளையும் ஒரே கணக்காப் பார்க்கணும். முதல் மூணுல முன்வரிசைப் பசங்க பந்தோட ஓடி மீட்டர் எடுப்பாங்க, நாலாவதுல எந்தப் பக்கம் தாக்குற வடிவம் போடறதுன்னு ஹாஃப்பேக் ரெண்டு டேக்கிள் முன்னாடியே முடிவு பண்ணியிருக்கணும். அஞ்சாவதுல உதைக்கற பந்து கோல்கோட்டுக்குப் பின்னாடி எதிரணி ஆளை மடக்கணும், மடக்கினா பந்து திரும்ப நமக்கே. இதெல்லாம் ஓட்டத்தால வர்றதில்ல, வாயால வர்றது. முப்பது வயசு முன்வரிசை ஆட்டக்காரனைப் பார்த்து "நீ தப்பான இடத்துல நிக்கறே, அந்தப் பக்கம் போ"ன்னு இருபது வயசுப் பையன், ஜூன்ல வந்து சேர்ந்தவன், கத்தணும்.

அதுக்கு மேல பர்ட்டன். இடது கால்காரர், வானத்துக்கு உதைக்கிறவர். அவரும் விலியாமே கிகாவும் இடது பக்கம். அந்தப் பக்கத்துக்கு ஏற்கனவே ஒரு தாளம் உண்டு. பர்ட்டனும் ஓடற ரகம், ஒழுங்குபடுத்தற ரகம் இல்ல. ரெண்டு ஓட்டக்காரங்களைப் பக்கத்துல பக்கத்துல வச்சிட்டு, ரெண்டு பேர்ல சின்னவன்கிட்ட சாவியைக் குடுத்தோம். எனக்குத் தெரிஞ்சு தடுமாற்றத்துல முக்கால்வாசி இதுலதான் இருக்கு.

---

கண்டி_ரசிகை எழுதியது:

ஒரு சின்னச் சந்தேகம். நான் பிராட்பி கேடயம் (இலங்கைப் பாடசாலை ரக்பி) பார்த்து வளந்தவள், எனக்கு ரக்பி எண்டால் பதினைஞ்சு பேர். அங்க 10ஆம் இலக்கக்காரர்தான் எல்லாத்தையும் நடத்துவார், 9 பந்தை எடுத்துக் குடுப்பார். லீக்கில ஹாஃப்பேக் எண்டவர் இதில யார் மாதிரி?

---

ஆறும்_ஏழும் எழுதியது:

நல்ல கேள்வி அக்கா. லீக்ல 13 பேர். டேக்கிள் விழுந்த இடத்துல கீழ இருந்து பந்தை எடுத்துக் குடுக்கறது ஹூக்கர், 9. அதனால லீக்ல 7ங்கறவர் உங்க 10க்குத்தான் கிட்ட. 6, ஃபைவ்-எய்ட்த், பெரும்பாலும் ஒரு பக்கத்தைப் பிடிச்சுக்கிட்டு ஓடறவர். ஃபுல்பேக் 1, ஹூக்கர் 9, இந்த ரெண்டு, ஆக நாலு பேரையும் சேர்த்து முதுகெலும்புன்னு சொல்லுவாங்க. சீசன் நடுவுல முதுகெலும்புல கை வைக்காதேன்னு பழைய ஆட்கள் சொல்றது சும்மா இல்ல. விங்கர் புதுசா வந்தா ஒரு வாரத்துல ஒட்டிக்குவார். ஹாஃப்பேக் மாறினா மத்த 12 பேரோட பழக்கமும் மாறணும்.

---

டூங்காபி_அப்பா எழுதியது:

என் வீட்டுல நடந்ததைச் சொல்றேன். பெரிய ஆட்டம் இல்ல, 15 வயசுக்கு உட்பட்டோர் ஆட்டம்தான்.

என் பையன் ஆறு வருஷமா ஒரே கிளப்ல ஹாஃப்பேக். வீடு மாறினதால போன வருஷம் சீசன் நடுவுல வேற கிளப்புக்குப் போனான். முதல் ஆட்டத்துல அவன் விட்ட பாஸ்ல பாதி புல்லுல விழுந்துச்சு. பக்கத்துல நின்னுட்டிருந்த ஒரு அப்பா என் காதுபடவே "இவனுக்காகவா நம்ம பையனை உட்கார வச்சாங்க"ன்னார். என் மனைவி முகத்தை நான் பார்க்கல.

வீட்டுக்கு வந்து போன்ல எடுத்த வீடியோவைப் போட்டுப் பார்த்தோம். அப்போதான் எனக்கே புரிஞ்சது. அவன் விட்ட பாஸ் ஒண்ணும் தப்பில்ல. பழைய கிளப்ல ஒரு பையன் இருந்தான், எப்பவும் ஒரு அடி உள்பக்கமா வெட்டி ஓடுவான். இவன் அந்த இடத்துக்கு, அந்தப் பையனுக்கு, விட்டிருக்கான். புது கிளப் பையன் வெளிப்பக்கமா ஓடறவன். பந்து போன இடத்துல ஆளே இல்ல. ஆறு வருஷமாக் கை பழகின இடம் அது, ஒரு வாரத்துல மறக்குமா?

அதைப் பார்த்துட்டு அவன் சொன்னான், "அப்பா, அவங்க எப்படி ஓடுவாங்கன்னு எனக்குத் தெரியல, கேக்கவும் கூச்சமா இருக்கு." மூணு மாசம் ஆச்சு. பயிற்சி முடிஞ்ச அப்புறம் அந்தப் பையனும் இவனும் மட்டும் அரை மணி நேரம் இருந்து பாஸ் போட்டாங்க. இருட்டிடும், நான் கார் விளக்கைப் போட்டுக்கிட்டு நிப்பேன்.

அதுக்கப்புறம் டிவியில கேல்வினோட பாஸ் கீழ விழும்போதெல்லாம் நான் பந்தைப் பார்க்கறதில்ல. பந்து போன இடத்துக்குப் பக்கத்துல யாரு, எந்தப் பக்கமா ஓடறாருன்னுதான் பார்க்கறேன்.

---

பெல்மோர்_நீலம் எழுதியது:

டூங்காபி அண்ணா, நீங்க எழுதினதை என் பையனுக்கு வாசிச்சுக் காட்டினேன். அவன் விங்கர். "ஆமா, ஹாஃப்பேக் மாறினா எனக்கு எப்போ ஓடணும்னே தெரியாது"ன்னான்.

---

வென்ட்வொர்த்வில்_ஈல் எழுதியது:

பராமட்டா ஆள் ஒருத்தி உள்ளே வரலாமா? உங்க எல்லாருக்கும் ஒரு பழைய கதையை நினைவுபடுத்தணும்.

2017. டைகர்ஸ்ல 22 வயசு ஆட்ட அமைப்பாளர் ஒருத்தர். சீசன் நடுவுலேயே கிளப்பை விட்டு வந்தார். வந்தது பக்கத்து ஊருக்கே, எங்க பராமட்டாவுக்கு. மிட்சல் மோசஸ். டைகர்ஸ் ரசிகர்கள் திட்டின திட்டு இன்னும் காதுல இருக்கு. அந்த வருஷம் நாங்க நாலாவது இடம். மெல்போர்ன்ல ஸ்டார்ம்கிட்ட 18-16 தோல்வி. அடுத்த வாரம் இதே ஹோம்புஷ் (அக்கார்) அரங்கத்துல, அப்போ அதுக்கு வேற பேர், நார்த் குயின்ஸ்லாந்துகிட்ட 24-16 தோத்து வெளிய வந்தோம். இப்போ உங்க 2025ஐ எடுத்துப் பக்கத்துல வச்சுப் பாருங்க. அதே கிளப்ல இருந்து வந்த பையன், அதே மெல்போர்ன், அதே அரங்கம்.

அடுத்த வருஷம் என்ன ஆச்சு தெரியுமா? 2018ல நாங்க கடைசி. கடைசி இடத்துக்குக் கேலியாச் சொல்ற மரக்கரண்டி எங்களுக்கு. அந்த வருஷம் மோசஸைப் பத்திப் பேசினதுல நல்ல வார்த்தை ஒண்ணு கூட எனக்கு ஞாபகம் இல்ல. நானும் பேசினேன், அதை மறைக்க விரும்பல. மழையில நனைஞ்சுக்கிட்டு ஒரு ஆட்டம் முழுக்கத் திட்டியிருக்கேன்.

கிளப் அவரை விடல. 2019ல பராமட்டாவோட புது அரங்கத்துல பிரிஸ்பேனை 58-0ன்னு அடிச்சோம். 2022ல இறுதியாட்டம் வரைக்கும் போனோம், பென்ரித்கிட்ட 28-12 தோத்தாலும். 2024ல மாநில அணிகள் மோதற ஆரிஜின் தொடர்ல நியூ சவுத் வேல்ஸுக்கு 7 போட்டு மெல்போர்ன்ல குயின்ஸ்லாந்தை 38-18ன்னு ஜெயிச்சு, பிரிஸ்பேன்ல 14-4ன்னு தொடரையே எடுத்தார். அந்தக் கடைசி ஆட்டத்துல அவரே ஒரு ட்ரை போட்டார். என் அப்பா எழுந்து நின்னு கை தட்டினார், முழங்கால் வலியோட.

கிளப் மாறினதுல இருந்து அந்த இரவு வரைக்கும் ஏழு வருஷம். நீங்க கேல்வினுக்கு மூணரை மாசம் குடுத்திருக்கீங்க.

---

காம்பல்டவுன்காரன் எழுதியது:

அக்கா, மோசஸ் கதையை நீங்கள் சொல்லேக்கை எனக்கு ரெட்டை வலி. ரெண்டு பேரும் எங்கட பெடியள்தானே.

ஆனால் ஒண்டு. மோசஸ் பராமட்டாவுக்கு வந்து அங்கேயே தங்கி, திட்டு வாங்கி, அதே சட்டையோட நிண்டவர். கேல்வினும் அப்பிடி நிற்பான் எண்டால் நான் மதிப்பன். சிரமம் வந்த உடனை அடுத்த வீடு தேடினால் எனக்கு வாயில வாறது வேறை.

---

மூலை_இருக்கை எழுதியது:

எல்லாரும் மென்மையாவே பேசறீங்க. நான் கொஞ்சம் மாறுபடறேன்.

இவர் பெரிய சம்பளத்துல வந்தவர். ஆட்டக்காரர் 20 வயசுன்னாலும் சம்பளம் 20 வயசுச் சம்பளம் இல்ல. வந்ததால ஒருத்தரோட இடம் போச்சு. டோபி செக்ஸ்டன் என்ன தப்பு பண்ணினார்? கோல்ட் கோஸ்ட்ல அவரை வேண்டாம்னாங்க, 2023 நடுவுல இங்க வந்தார், ரிசர்வ் அணியில கிடந்து, சத்தமில்லாம உழைச்சு, அணியைப் பட்டியல்ல மேல கொண்டுபோய் வச்சார். இப்போ பிரான்சுக்கு, கேட்டலன்ஸுக்குப் போறார். அவர் ஓட்டத்துல பிரமாதம் இல்ல. ஆனா அஞ்சாவது டேக்கிள்ல பந்து எங்க விழும்னு எல்லாருக்கும் தெரியும். விங்கர் ஓட ஆரம்பிச்சிருப்பார். அந்த நிச்சயத்தை உடைச்சது இந்த மாற்றம்.

பையன் மேல எனக்குக் கோபமில்ல. பயிற்சியாளர் சிரால்டோ, மேலாளர் ஃபில் கூல்ட் ரெண்டு பேரும் பதில் சொல்லணும். நீண்ட காலத்துக்கு எடுத்த பையன்னா, நீண்ட காலத்துக்கு விட்டிருக்கலாமே? மாற்று ஆட்டக்காரரா 14ஆம் நம்பர் போட்டு ஒரு ஆட்டத்துக்கு இருபது, முப்பது நிமிஷம் இறக்கி விட்டிருந்தா, அந்த முதல் ஆட்டம் மாதிரியே, எதிரணி களைச்ச நேரத்துல அவரோட ஓட்டம் என்ன பண்ணும்னு பார்த்திருக்கலாம்.

---

பெல்மோர்_நீலம் எழுதியது:

மூலை இருக்கை சகோ, செக்ஸ்டன் விஷயத்துல உங்க கூட முழுசா ஒத்துப்போறேன். அவருக்கு நாம ஒரு நல்ல வழியனுப்பு கூடக் குடுக்கல.

நம்ம கிளப்போட நினைவு எவ்வளவு குட்டைன்னும் சொல்லணும். கைல் ஃபிளனகன் ஞாபகம் இருக்கா? க்ரோனுல்லாவுல இருந்து ரூஸ்டர்ஸுக்கு, அதுவும் கூப்பர் க்ரோங்க் ஓய்வு பெற்ற இடத்துக்கு. ஒரே வருஷத்துல வேண்டாம்னாங்க. 2021ல நம்மகிட்ட வந்தார். அந்த வருஷம் நாம ஜெயிச்சது மூணே ஆட்டம். 22 வயசுப் பையன், மூணு வருஷத்துல மூணாவது கிளப், முன்னாடி மீட்டரே எடுக்காத அணி. அவரைத் தூக்கி ரிசர்வ்ல போட்டோம், அப்புறம் இங்கேயும் அங்கேயும் நிக்க வச்சோம். அரங்கத்துல எப்படிக் கத்தினோம்னு எனக்கு நினைவிருக்கு. ஒரு ஆட்டக்காரர் பந்தைத் தொட பயப்படறதைக் கண்ணால பார்த்தேன். பாஸ் சீக்கிரம் விட்டுடுவார், பொறுப்பு அடுத்தவன் கைக்குப் போகட்டும்னு.

பென்ரித் ஆட்டத்துல ரெண்டாம் பாதியில கேல்வின் பந்தைச் சீக்கிரம் விட ஆரம்பிச்சார். கவனிச்சீங்களா? அந்த ஒரு நொடி, ஆறும் ஏழும் சொன்னாரே, அது காணாமப் போச்சு. எனக்கு அதுதான் பயம். ஸ்கோர் இல்ல.

---

டைட்டன்_தென்றல் எழுதியது:

கோல்ட் கோஸ்ட்ல இருந்து எழுதறேன். இவ்வளவு நேரம் படிச்சுட்டுச் சும்மா இருக்க முடியல.

எங்களுக்கு ஆஷ் டெய்லர்னு ஒருத்தர். பிரிஸ்பேன்ல ஒரே ஒரு ஆட்டம் ஆடிட்டு 2016ல இங்க வந்தார். முதல் வருஷமே சிறந்த புதுமுகம் விருது. இறுதிச் சுற்றுக்குப் போனோம். நீளப் பாஸ் போடுவாரு பாருங்க, அகலமா, தட்டையா, கைக்குள்ள போய் உட்காரும். அடுத்த வருஷமே பெரிய ஒப்பந்தம், வருஷத்துக்குப் பத்து லட்சம் டாலர் அளவுன்னு எல்லாப் பத்திரிகையும் எழுதினாங்க.

அன்னியிலிருந்து அவர் பேரோட அந்தத் தொகையும் ஒட்டிக்கிச்சு. ஒரு உதை தப்பினா "மில்லியன் டாலர் ஆள்"னு கூட்டத்துல கத்துவாங்க. 2019ல மனநலத்துக்காக ஆட்டத்துல இருந்து விலகி நின்னார். திரும்பி வந்தார், ஆனா அந்தப் பழைய ஆள் வரல. 2022ல வாரியர்ஸுக்குப் போனார், இடுப்பு விடல. 27 வயசுல ஓய்வு.

அவர் சட்டையைப் போட்டுக்கிட்டு அவரைத் திட்டின கூட்டத்துல நானும் உட்கார்ந்திருந்தேன். கத்தல. ஆனா கத்தினவங்ககிட்ட நிறுத்துங்கன்னும் சொல்லல. மூலை இருக்கை அண்ணா, சம்பளத்தைச் சொல்லாதீங்கன்னு நான் சொல்ல வரல. அதைக் குடுத்தவங்ககிட்டப் போய்ச் சொல்லுங்க. இருபது வயசுல ஒரு தாள் நீட்டினா யாருதான் கையெழுத்துப் போடமாட்டாங்க?

---

மூலை_இருக்கை எழுதியது:

தங்கச்சி, ஒத்துக்கறேன். "பையன் மேல கோபமில்ல"ன்னு எழுதிட்டு முதல் வரியில சம்பளத்தைத்தான் எடுத்தேன். டெய்லர் கதை எனக்கு இவ்வளவு விவரமாத் தெரியாது.

---

ஆறும்_ஏழும் எழுதியது:

அடுத்த வருஷத்தைப் பத்தி. செக்ஸ்டன் இல்ல. ஹூக்கர் ரீட் மஹோனியும் நார்த் குயின்ஸ்லாந்துக்குப் போறார். ஆக 7க்குப் பந்து எடுத்துக் குடுக்கற கையும் மாறுது. இதைக் கெட்ட செய்தின்னு எடுத்துக்காதீங்க. போன தடவை எல்லாரும் பழகின வண்டியில கேல்வின் மட்டும் நடுவழியில ஏறினார். இந்தத் தடவை எல்லாருமே முதல் நிறுத்தத்துல ஏறப்போறாங்க. நவம்பர்ல இருந்து பிப்ரவரி வரைக்கும் வெயில்ல ஒண்ணா ஓடி, ஒண்ணா வாந்தி எடுத்து, திரும்பத் திரும்ப அதே வடிவத்தைப் போடுவாங்க. கேல்வினுக்கு இந்தக் கிளப்போட அது ஒரு நாள் கூடக் கிடைச்சதில்ல.

என் ஆசை ஒண்ணுதான். 7 சட்டை யாருக்கு வேணும்னாலும் இருக்கட்டும், நீள உதைகளைப் பர்ட்டன் எடுத்துக்கட்டும். கேல்வின் ஒரு பக்கத்துல நின்னு, லைனுக்குப் போகட்டும்.

---

காம்பல்டவுன்காரன் எழுதியது:

ப்ரீசீசன் பற்றிச் சொன்னது சரி. அதை நான் யோசிக்கேல்லை.

மகள் அந்த ஜேர்சியை அலுமாரிக்குள்ள வைச்சிருக்கிறாள். போடவும் மாட்டாள், எறியவும் விடமாட்டாள். நேற்று ஏன் எண்டு கேட்டன். "அவன் நல்லா விளையாடினவன்தானே அப்பா" எண்டாள்.

---

பெல்மோர்_நீலம் எழுதியது:

அண்ணா, உங்க மகளுக்கு என் அன்பைச் சொல்லுங்க.

பயிற்சியைப் பார்க்க பெல்மோர் மைதானத்துக்கு ரசிகர்களை விடற நாள் வந்தா நானும் பையனும் போறோம். வேலிக்குப் பக்கத்துல நின்னு ஒண்ணை மட்டும் பார்க்கப் போறேன்: எல்லாரும் உள்ளே போன அப்புறம் கேல்வின்கூட நின்னு பாஸ் வாங்கிக்கிட்டு இருக்கறது யாருன்னு. பார்த்துட்டு வந்து இங்கேயே எழுதறேன். டூங்காபி அண்ணா, வர்றதுன்னா சொல்லுங்க, ஒண்ணாப் போகலாம்.